பெரியவர் பூசிய மூடி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: எதிர்வரும் வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, மனிதகுலத்தின் தாகத்தோடு நேரடித் தொடர்புடைய மாபெரும் நிகழ்வொன்று நமது நீரேற்று நிலையத்தில் நடைபெறவுள்ளது. தலைமைப் பொறியாளர் அவர்கள் நேரில் எழுந்தருளி, மின்சாரத்தைத் தம் முன்னிலையில் துண்டிக்கச் செய்து, நமது அவசரகால டீசல் எஞ்சின் முழுப் பளுவோடு ஒரு மணி நேரம் இடைவிடாது ஓடுவதைக் கண்டு களிப்பார்கள். ஊழியர்கள் அனைவரும் தலைவாரி வரவும்.

இந்தச் சுற்றறிக்கை நான்கு இடங்களில் ஒட்டப்பட்டது. வாசல் கதவு, அறிவிப்புப் பலகை, எஞ்சின் அறைக் கதவு, அப்புறம் கழிவறைக் கதவின் உட்புறம். கடைசி இடத்தில்தான் எல்லோரும் அதை நிதானமாகப் படித்தார்கள்.

கையெழுத்திட்டவர் நிலையத்தின் கண்காணிப்பாளர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. நிலையத்தில் அது வழக்கொழிந்து, ‘சுற்றறிக்கை’ என்பதே நிலைத்துவிட்டது. தேநீர் தம்ளரைச் சன்னலில் வைக்காதே என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். சன்னலில் ஒட்டிய அந்தச் சுற்றறிக்கையின் மேல் யாரோ தம்ளரை வைத்துவிட்டார்கள் என்று அதற்கும் ஒன்று விட்டார்.

எஞ்சின் அறைக் கதவில் இருந்ததை, துடைக்கும் துணியும் கையுமாக நின்று படித்தான் மெக்கானிக் சொட்டு. எதைப் பார்த்தாலும் “எங்கயோ சொட்டுதே” என்று குனிந்து பார்ப்பவன் என்பதால் வந்த பெயர் அது. கல்யாணத்தன்றே மண்டபத்துக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மனிதர் என்று அவன் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

மனிதகுலத்தையும் தாகத்தையும் அவன் தாண்டிப் போய்விட்டான். ‘ஒரு மணி நேரம்’ என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது.

அந்த எஞ்சின் இந்த நிலையத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. லாரியிலிருந்து இறங்கியதும் ‘புத்தம் புதிய எஞ்சின்’ என்று ஒரு சுற்றறிக்கை வெளியாகி, மறுநாளே அதன் உடம்பு முழுக்கச் சிவப்பு வண்ணம் அடிக்கப்பட்டது. தயாரித்த வருஷம் பொறித்திருந்த தகட்டின் மேலும் இரண்டு பூச்சு விழுந்தது. அன்றிலிருந்து திங்கட்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு அதைக் கிளப்புவார்கள், பத்து நிமிடம் ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள். பதிவேட்டில் ‘நன்று’ என்று எழுதுவார்கள். கை பம்பை அடித்து, செலவான டீசலைப் பக்கவாட்டுக் குழாய் வழியாகத் தொட்டியின் கழுத்து வரைக்கும் திரும்ப நிரப்புவார்கள். ‘அரைத் தொட்டி, அரை மனசு’ என்பது சுற்றறிக்கையின் சொந்த வாசகம். அதுவும் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது.

நூற்றுச் சொச்சம் திங்கட்கிழமைகள், நூற்றுச் சொச்சம் ‘நன்று’. பதினோராவது நிமிடத்தில் அந்த எஞ்சின் எப்படி இருக்கும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

“எதுக்கு இப்படி வெறிச்சுப் பாக்கறே?” என்றார் பின்னால் வந்து நின்ற சுற்றறிக்கை.

“இல்ல சார், ஒரு மணி நேரம்னு போட்டிருக்கீங்க...”

“ஏன், ஓடாதா?”

“ஓட்டிப் பாத்ததில்லையே சார்.”

“இத்தனை ‘நன்று’ எழுதியிருக்கே. பொய்யா எழுதினே?” சுற்றறிக்கை குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தால் விஷயம் உயர்ந்தது என்று அர்த்தம். “நல்லாக் கேட்டுக்கோ. பெரியவர் முன்னாடி அது நின்னுச்சுன்னா, அன்னைக்கே உனக்கு நாலாம் நிலையம்.”

நாலாம் நிலையம் என்ற பேரைக் கேட்டாலே துறையில் எல்லோரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். இரண்டு பேருந்து மாறி, அதற்கப்புறம் நடக்க வேண்டும். குடிநீர்த் துறையில் குடிக்கத் தண்ணீர் லாரியில் வரும் ஒரே இடம் அதுதான். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மற்ற துறைகளில் பேச்சுக்குச் சொல்வார்கள். இந்தத் துறையில் அதற்கு முறையான எண்ணே கொடுத்திருந்தார்கள்.

சொட்டுவின் மனைவி தையல்கடை போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. மகள் ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடம் மாறியவள். இப்போதுதான் ஒரு சிநேகிதி கிடைத்து, வாயைத் திறந்து சிரிக்கிறாள். “இன்னொரு மாறுதல் வந்துச்சுன்னா நாங்க வர மாட்டோம்” என்று மனைவி சொல்லி வைத்திருந்தாள். “நீங்க போய் எஞ்சினோட குடும்பம் நடத்திக்குங்க. இப்ப மட்டும் என்ன வாழுதாம்?”

செவ்வாய்க்கிழமை காலை சொட்டு எஞ்சினைக் கிளப்பினான். மின்பலகையைக் கவனிக்கும் பம்ப் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பம்பை எஞ்சினோடு சேர்த்துவிட்டாள். பத்து நிமிடம் தாண்டியது. பதினொன்று. பன்னிரண்டு. சொட்டுவின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. பதின்மூன்றாவது நிமிடத்தில் எஞ்சினின் குரல் கம்மியது. இரண்டு முறை விக்கியது. அப்புறம் ‘போதும்டா சாமி’ என்பதுபோல உட்கார்ந்துவிட்டது.

“பத்து நிமிஷம் பழக்கி வெச்சிருக்கீங்க. அது சரியா நேரத்துக்குக் கிளம்பிடுச்சு” என்றாள் பம்ப் அக்கா. “நம்ம ஆபீஸ்ல வேலை பாக்குற எஞ்சின் இல்ல?”

டீசல் எஞ்சின் நின்றால், முதலில் டீசல் போகிற வழியைப் பார்க்க வேண்டும். தொட்டியில் தொடங்கி, ஃபில்டர் வழியாக, பம்ப் வழியாக, டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் இன்ஜெக்டரின் நுனி வரைக்கும். புதன்கிழமை முழுக்க சொட்டு அந்த வழியிலேயே தவழ்ந்தான். தொட்டிக்கு அடியில் தங்கும் தண்ணீரை வடிக்கலாம் என்றால் வடிகுழாயைத் திருக முடியவில்லை. சிவப்பு வண்ணம் அதையும் சேர்த்து ஒட்டி வைத்திருந்தது. சுரண்டினான். சிவப்புக்குக் கீழே பச்சை வந்தது, பச்சையின் மேல் வெள்ளையில் யாரோ கையால் எழுதிய ‘4’ வந்தது. ஏதோ தொழிற்சாலைக் கணக்கு என்று விட்டுவிட்டான். வடிகுழாயைத் திறந்தால் அரை தம்ளர் தண்ணீர்கூட வரவில்லை. ஃபில்டர்கள் இரண்டையும் மாற்றினான். எஞ்சினிலேயே இருக்கும் சின்னக் கை பம்பை அடித்து, ஃபில்டர் மேலிருக்கும் திருகாணியைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரைக்கும் உள்ளே இருந்த காற்றை எடுத்தான்.

அன்று மாலை நான்கு இன்ஜெக்டர்களையும் துணியில் சுற்றிக்கொண்டு மைத்துனனின் பட்டறைக்குப் போனான். மைத்துனன் இன்ஜெக்டரின் பீச்சுமுனையான நாசிலைச் சோதிப்பவன். ஒரு மேசை, அதில் ஒரு நெம்புகோல், ஒரு அழுத்தமானி, ஒரு கண்ணாடிக் குடுவை. உலகத்தில் பாதி எஞ்சின்கள் தன் மேசையில் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டவை என்பான்.

“வாங்க மாமா. அக்கா உங்களையும் சோதிச்சுக் குடுக்கச் சொன்னுச்சா?”

“சும்மா இருடா. வெள்ளிக்கிழமை பெரியவர் வர்றார்.”

மைத்துனன் முதல் இன்ஜெக்டரை மேசையில் பொருத்தி நெம்புகோலை அழுத்தினான். ‘க்ரீச், க்ரீச்’ என்ற சத்தத்தோடு குடுவைக்குள் டீசல் புகைபோல விரிந்தது. விரலால் நாசிலின் நுனியைத் தடவிக் காட்டினான். ஈரமே இல்லை. நான்கும் அப்படித்தான்.

“இது ஒண்ணும் பண்ணல மாமா. உங்க நோய் இதுக்கு முன்னாடியே இருக்கு.”

“முன்னாடி எல்லாம் பாத்தாச்சு.”

“அப்ப அதுக்கும் முன்னாடி.”

“அதுக்கு முன்னாடி தொட்டி. அதுக்கு முன்னாடி சுற்றறிக்கைதான்.”

“அப்ப சரியாத்தான் போறீங்க” என்றான் மைத்துனன்.

வியாழக்கிழமை காலை எல்லாவற்றையும் மாட்டிக் கிளப்பினான். பதின்மூன்றாவது நிமிடத்தில் விக்கி நின்றது. சொட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பேருந்து இரண்டும் கண் முன்னால் வந்து நின்றன.

“எனக்கு ஒரு சந்தேகம்” என்றாள் பம்ப் அக்கா. “நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தொட்டியில ‘டொங்’குனு ஒரு சத்தம் வருது பாரு. திங்கக்கிழமை நீ கை பம்ப் அடிக்கும்போதும் வரும். நான் ஏதோ பெருமூச்சு விடுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

சொட்டு எழுந்தான். தொட்டியின் பக்கத் தகட்டைத் தடவிப் பார்த்தான். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு உள்ளே குழிந்திருந்தது. ஃபில்டர் திருகாணியைத் தளர்த்தினான். டீசல் வெளியே கசிய வேண்டிய இடத்தில், ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது. மகள் பழச்சாறு டப்பாவைக் குழல் வைத்துக் கடைசி வரைக்கும் உறிஞ்சும்போது, டப்பா கன்னம் ஒட்டிப்போகுமே, அது நினைவுக்கு வந்தது. எஞ்சின் டீசலை உறிஞ்சுகிறது. அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. பதின்மூன்று நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிவிட்டு, அதற்குமேல் முடியாமல் விட்டுவிடுகிறது. திங்கட்கிழமைகளில் பத்து நிமிடத்தில் நிறுத்தி, செலவானதைக் கை பம்பால் திரும்ப உள்ளே தள்ளிக் கணக்கை நேர் செய்துவிடுவதால் நோய் வெளியே தெரியவே இல்லை.

தொட்டிக்குக் காற்று வருகிற வழி ஒன்றே ஒன்றுதான். மேல் மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. சொட்டு எட்டிப் பார்த்தான். மூடி தங்க நிறத்தில் தகதகத்தது. துளை இருந்த இடத்தில், வண்ணம் திரண்டு காய்ந்து, மரு மாதிரி நின்றது.

அந்த வண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. போன வருஷம் ‘பராமரிப்பு வாரம்’ கொண்டாடினார்கள். நாடா வெட்டித் தொடங்கி வைப்பது பழைய பாணி என்று சுற்றறிக்கைக்குத் தோன்றியது. தலைமைப் பொறியாளர் கையில் தூரிகையைக் கொடுத்து, எஞ்சினின் ஏதாவதொரு பாகத்தில் தங்க வண்ணம் பூசச் சொன்னார். பெரியவருக்கு எட்டிய உயரத்தில், வேட்டி சட்டையில் படாத தூரத்தில் இருந்தது இந்த மூடி. பூசினார். கைதட்டினார்கள். மறுநாளே பக்கத்தில் ஒரு பலகை முளைத்தது: ‘இம்மூடி தலைமைப் பொறியாளர் அவர்களின் பொற்கரங்களால் வண்ணம் பூசப்பெற்றது. தொடாதீர்.’ பலகை மூடியைவிட நான்கு மடங்கு பெரியது.

சொட்டு நேராகச் சுற்றறிக்கையின் அறைக்குப் போனான்.

“சார், கண்டுபிடிச்சுட்டேன். மூடியில இருக்கற ஓட்டை அடைஞ்சு போச்சு. ஒரு ஊசி இருந்தா ரெண்டு நிமிஷ வேலை.”

“எந்த மூடி?”

“அந்த மூடிதான் சார்.”

சுற்றறிக்கை பேனாவை மூடி வைத்தார். “பெரியவர் பூசின பெயின்ட்ல ஓட்டை போடணுங்கறே.”

“ஓட்டை முன்னாடியே இருந்தது சார். பெயின்ட்தான் அதுக்கு மேல...”

“அப்போ பெரியவர்தான் அடைச்சாருங்கறே.”

“அவர் அடைச்சாருன்னு சொல்லல சார். அடைஞ்சிருக்குன்னு சொல்றேன்.”

“யாரோ பூசினாங்க, யாரோ அடைச்சாங்க. அந்த யாரோ யாருன்னு பலகையில எழுதியிருக்கே! நாளைக்கு அவர் வந்ததும் முதல்ல மூடியைத்தான் பாப்பார். போன வாரம் போன்லகூட, ‘மூடி எப்படி இருக்கு?’ன்னு கேட்டார். என் பையன் எப்படி இருக்கான்னுகூட அவர் கேட்டதில்ல. நீ வேற காரணம் கண்டுபிடி.”

“வேற காரணம் இல்ல சார்.”

“தேடு. காரணம் தேடறதுக்குத்தான் உனக்குச் சம்பளம். கிடைக்கலேன்னா சொல்லு, நாலாம் நிலையத்துல நிதானமா தேடலாம்.”

வீட்டில் சொட்டு சாப்பாட்டில் கை வைத்தபடி கதை முழுவதையும் சொன்னான். தட்டிலிருந்து பார்வை எழவில்லை. மனைவி ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள்.

“இவ்வளவுதானா? மூச்சு முட்டுது, துளை போடணும். அதுக்கு எதுக்குங்க ஆபீசர்கிட்ட போனீங்க?”

“அனுமதி இல்லாம தொடக்கூடாதுன்னு பலகை இருக்கும்மா.”

“பலகைக்குக் கண்ணு இருக்கா?” சட்டையிலிருந்து ஊசியை உருவி, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, அவன் தட்டின் ஓரத்தில் வைத்தாள். “ரொம்ப மெல்லிசு. பெரியவர் மூக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. காலையில சீக்கிரம் போங்க. திரும்பக் கொண்டாந்துடுங்க, நல்ல ஊசி.”

மகள் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தாள். “அப்பா, நாம மாறிப் போறோமா?”

“இல்லடா கண்ணு.”

“சத்தியமா?”

சொட்டு ஊசியைப் பார்த்தான். “சத்தியமா” என்றான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தங்க மருவின் நடுவில் ஊசியை வைத்து மெல்லத் திருகினான். ‘உஸ்ஸ்ஸ்’ என்று தொட்டி ஒரு வருஷத்து மூச்சை உள்ளே இழுத்தது. குழிந்த தகடு ‘டொங்’ என்று நிமிர்ந்தது. எஞ்சினைக் கிளப்பி, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். எஞ்சின் நிற்கவில்லை. இருமவுமில்லை. சொட்டுவின் கண் லேசாகக் கலங்கியது. கேட்டால் டீசல் புகை என்று சொல்லியிருப்பான்.

பதினொரு மணிக்கு வர வேண்டிய பெரியவர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். எல்லோரும் தலைவாரி நின்றார்கள். அதில் பாதிப் பேருக்கு மறுபடியும் கலைந்திருந்தது. சுற்றறிக்கை வரவேற்புரை ஆற்றினார். நீர் இன்றி உலகில்லை என்று தொடங்கி, எஞ்சின் இன்றி நீரில்லை, பராமரிப்பு இன்றி எஞ்சினில்லை, தலைமை இன்றிப் பராமரிப்பில்லை என்று படிப்படியாக ஏறி, பெரியவர் இன்றி உலகில்லை என்ற இடத்தில் வந்து மூச்சு வாங்கினார். பம்ப் அக்கா மின்சாரத்தைத் துண்டித்தாள். சொட்டு எஞ்சினைக் கிளப்பினான். ஆறாவது விநாடியில் அது பளுவைத் தூக்கிக்கொண்டது.

பெரியவர் மூன்று நிமிடம் புன்னகைத்தார். ஐந்தாவது நிமிடம் காதைப் பொத்தினார். எட்டாவது நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாவது நிமிடம் கையை உயர்த்தி, “பிரமாதம். போதும், நிறுத்துங்க. எனக்கு இன்னொரு கூட்டம் இருக்கு” என்றார்.

பம்ப் அக்கா சொட்டுவைப் பார்த்தாள். சொட்டு ஊசி இருந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். துளை போடாமல் இருந்தாலும் இதே பத்து நிமிடம் ஓடியிருக்கும்.

“அடுத்ததா” என்றார் சுற்றறிக்கை. “ஐயா அவர்கள் சென்ற ஆண்டு தொடங்கி வைத்த மூடிக்கு, இந்த ஆண்டும் தம் கரங்களால் இரண்டாம் பூச்சு பூசி...” வெல்வெட் விரித்த தட்டில் தூரிகையும் ஒரு சின்ன டப்பாவும் வந்தன.

தூரிகை தங்கத்தில் முங்கி எழுந்து, மூடியின் விளிம்பில் ஒரு சுற்று வந்தது. அப்புறம் நடுவை நோக்கி நகர்ந்தது. சொட்டு பல்லைக் கடித்துக்கொண்டான். பேசினால் நாலாம் நிலையம். பேசாமல் இருந்தால், என்றாவது நிஜமாகவே மின்சாரம் போய் ஊரே குழாயடியில் நிற்கும்போது, பதின்மூன்றாவது நிமிடம் வரும். அப்போதும் நாலாம் நிலையம்தான்.

“ஐயா!” என்றான். குரல் அவனைக் கேட்காமல் வந்துவிட்டது. “அந்த நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்குங்க.”

சுற்றறிக்கையின் முகம் வெளுத்தது. பெரியவர் குனிந்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“அட, ஆமா! இருக்கு!” என்றார். “நல்லவேளை சொன்னீங்க.” தூரிகையை டப்பாவில் நன்றாக முக்கி, அந்த இடத்தில் மட்டும் மூன்று முறை அழுத்தி வைத்தார். “இப்ப சரியாப் போச்சா?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“இந்த மாதிரி கண்ணு உள்ள ஆளுங்கதான் நம்ம துறைக்கு வேணும்” என்று பெரியவர் சொட்டுவின் தோளைத் தட்டினார். சட்டையில் நான்கு தங்க விரல்கள் பதிந்தன. “ஒரு ஓட்டையைக்கூட விடமாட்டேங்கறார் பாருங்க. இவரை இங்கயே வெச்சிருக்கறது வீண். இங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு? தலைமை மெக்கானிக்கா பதவி உயர்வு குடுத்து, பின்தங்கின நிலையம் எதுக்காவது அனுப்புங்க. எது ரொம்ப மோசம்?”

“நாலாம் நிலையம் ஐயா” என்றார் சுற்றறிக்கை. உத்தரவைக் கையோடு தட்டச்சு செய்யச் சொன்னார். நான்கு பிரதிகள்.

மாலையில் சொட்டு உத்தரவை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மகள் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அரைமணி நேரமாகப் பக்கம் திரும்பவில்லை. மனைவி உத்தரவை இரண்டு முறை படித்தாள். “தண்டனையா இருந்தா எங்கயாவது போய் அழுதாவது நிறுத்தலாம். பதவி உயர்வை யாருகிட்ட போய் நிறுத்தச் சொல்றது?” என்றாள். பிறகு கையை நீட்டினாள். “ஊசி எங்க?”

சொட்டு ஊசியைக் கொடுத்துவிட்டு, போகிற இடத்தில் எஞ்சினுக்கு எந்த அளவு ஃபில்டர் வேண்டியிருக்குமோ, இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நாலாம் நிலையத்துக்குப் போன் போட்டான். காவலாளி எடுத்தார்.

“எஞ்சினுங்களா? பச்சை எஞ்சின் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியே லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களே. தொட்டி அடியில ‘நாலு’ன்னு வெள்ளை பெயின்ட்ல நான்தான் எழுதிவிட்டேன், தொலைஞ்சிடக் கூடாதேன்னு. அங்க வந்து சேந்துச்சுங்களா?”

“வந்து சேந்துச்சு” என்றான் சொட்டு. “அப்ப திங்கக்கிழமை சோதனை?”

“அதெல்லாம் விடறதே இல்லீங்க. பத்து மணிக்கு டாண்ணு பதிவேட்டை எடுத்து, ‘நன்று’ போட்டு அனுப்பிடுவோம்.”

நாலாம் நிலையத்தில் எஞ்சின் இல்லை.